டேங்க் நிறைந்தால் மோட்டாரை நிறுத்தும் கன்ட்ரோலர்: பெட்டியைப் பார்க்காதீர்கள், சென்சாரைப் பாருங்கள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாங்கலாம். மொட்டைமாடி டேங்க் நிறைந்ததும் மோட்டாரைத் தானே நிறுத்தி, குறைந்ததும் தானே போடுகிற ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலரைத்தான் சொல்கிறேன். ஒரு மழைக்காலமும் ஒரு முழுக் கோடையும் எங்கள் வீட்டில் ஓடிவிட்டது, டேங்க் வழியவில்லை, காசும் வீண் என்று தோன்றவில்லை. ஆனால் கடைக்குப் போனால் பளபளப்பான பெட்டியைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். கலர் விளக்கு, டிஜிட்டல் எழுத்து, தொடு பட்டன் என்று அதற்கு ஆயிரம் விளக்கம் கொடுப்பார்கள். அந்தப் பெட்டிக்குள் பெரும்பாலும் இருப்பது ஒரு சின்ன சர்க்யூட் போர்டும், மோட்டாரைப் போட்டு அணைக்கும் ரிலே என்கிற மின் ஸ்விட்ச்சும்தான், எந்தக் கம்பெனி என்றாலும் பெரிய வித்தியாசம் கிடையாது. தண்ணீருக்குள் என்ன தொங்கப்போகிறது என்பதுதான் இந்தப் பொருளின் உயிர். அதைப் பற்றி நீங்களாகக் கேட்டால் ஒழிய யாரும் வாயைத் திறப்பதில்லை.

எங்கள் வீடு கோயம்புத்தூரில். இங்கே நிறைய வீடுகளில் இருப்பதுபோல எங்களுக்கும் தண்ணீர் இரண்டு வகை. மாநகராட்சிக் குழாயில் வருவது நல்ல தண்ணி, அது தெருக்குழாயிலிருந்து சம்ப்புக்கு வந்து, அங்கிருந்து 1 எச்பி மோட்டாரில் மேலே ஏறும். போர்வெல்லில் வருவது உப்புத் தண்ணி, அதற்குத் தனி டேங்க், தனி மோட்டார். இந்த உப்பு என்கிற விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், சென்சார் பேச்சு வரும்போது இதுதான் வில்லன்.

இதற்கு முன்பு எங்களிடம் இருந்தது பேசும் அலாரம். 300 ரூபாய்க்குள் கிடைக்கும், இப்போதும் ஏராளமான வீடுகளில் இருக்கிறது. ஓவர்ஃப்ளோ பைப்பின் வாயில் இரண்டு ஒயர் நுனிகளைச் செருகி வைத்திருப்பார்கள், தண்ணீர் தொட்டதும் கீழே ஹாலில் ஒரு பெண் குரல், டேங்க் நிறைந்துவிட்டது தயவுசெய்து மோட்டாரை அணையுங்கள் என்று ஆங்கிலத்தில் ரொம்ப மரியாதையாகச் சொல்லும், சிலதில் நடுநடுவே பாட்டு வேறு. சிக்கல் என்னவென்றால், எங்கள் தெருவில் அநேகமாக எல்லா வீட்டிலும் அதே குரல். காலையில் அது கேட்டால் யார் வீட்டு டேங்க் என்று தெரியாமல் நாலு வீட்டிலிருந்தும் ஆள் எட்டிப் பார்ப்பார்கள், கொஞ்ச நாள் போனால் யாருமே எட்டிப் பார்க்க மாட்டார்கள். அதைவிட முக்கியம், அலாரம் நிறுத்தாது, சொல்ல மட்டும்தான் செய்யும். மோட்டாரைப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனவருக்கு அது எவ்வளவு மரியாதையாகச் சொன்னாலும் என்ன பயன்? வீட்டில் எப்போதும் ஒருவர் இருப்பார் என்றால் அலாரமே போதும், மீதிப் பணத்தை மிச்சம் பிடிக்கலாம். எங்கள் வீட்டில் பகலில் ஆள் கிடையாது.

சரி, தானாக நிறுத்த என்னென்ன வழி இருக்கிறது என்று பார்த்தால், மிகப் பழையது பால் வால்வு. ஒரு பந்து மிதந்து மேலே வர வர வால்வு மூடிக்கொள்ளும், ஃப்ளஷ் டேங்க்கில் இருப்பதுதான், கரண்ட் வேண்டாம், போர்டு வேண்டாம். தெருக்குழாயிலிருந்து சம்ப்புக்குத் தண்ணீர் வருகிற வாயில் இதைப் போடுவது அருமையான வேலை. நடுராத்திரி தண்ணீர் விட்டாலும் சம்ப் நிறைந்ததும் நின்றுவிடும், வாசலில் ஆறு ஓடாது. ஆனால் மோட்டாரில் ஏற்றுகிற மேல் டேங்க்குக்கும் இதையே மாட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இருக்கிறார்கள், அது தப்பு. வால்வு மூடினாலும் மோட்டார் நிற்காது. போக வழியில்லாமல் அதே தண்ணீரைப் பம்ப்புக்குள்ளேயே அடித்துக்கொண்டு சூடேறும், பழைய பைப்பாக இருந்தால் ஜாயின்ட் விட்டுப்போகும். வழிவது கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அடுத்தது ஒயரோடு தொங்கும் ஃப்ளோட் ஸ்விட்ச். குண்டாகப் பிளாஸ்டிக் கட்டி, தண்ணீர் ஏறும்போது தலைகீழாகப் புரளும், உள்ளே இருக்கும் ஸ்விட்ச் மாறும். விலை குறைவு, எளிமையானது, எலக்ட்ரீஷியன்களுக்கும் பிடிக்கும். எனக்குப் பிடிக்காததற்குக் காரணம், பல இடங்களில் இதை 230 வோல்ட் லைனிலேயே நேராகக் கோர்த்துவிடுகிறார்கள். குளிக்கிற, சமைக்கிற தண்ணீருக்குள் வீட்டு மெயின் கரண்ட் ஓடும் ஒயர் கிடக்கிறது. உறை விரிசல் விட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்சிசிபி வீட்டில் இல்லையென்றால் இதன் பக்கமே போகாதீர்கள். இன்னொன்று, மோட்டார் ஸ்டார்ட் ஆகும் அந்த நொடியில் வழக்கமாக இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அதைத் தினமும் அந்தச் சின்ன ஸ்விட்ச் தாங்கினால் நாளாவட்டத்தில் உள்ளே இருக்கும் காண்டாக்ட் ஒட்டிக்கொள்ளும், ஒட்டிக்கொண்டால் மோட்டார் நிற்கவே நிற்காது. நடுவில் அந்தக் கரண்டைத் தாங்கும் பெரிய மின் ஸ்விட்ச், அதாவது ஒரு கான்டாக்டர், வைத்துப் போட்டால் சின்ன ஸ்விட்ச் பிழைக்கும்.

இப்போது கன்ட்ரோலருக்கு வருவோம். இதில் டேங்க்குக்குப் போகும் ஒயரில் வெறும் 12 வோல்ட் மாதிரி குறைந்த அழுத்தம்தான் இருக்கும். மெயின் கரண்டைப் பெட்டிக்குள் இருக்கும் ரிலே பார்த்துக்கொள்ளும். சென்சாரில்தான் இரண்டு கட்சி. ஒன்று கம்பி சென்சார்: ஸ்டீல் குச்சிகள் வெவ்வேறு உயரத்தில் தொங்கும், தண்ணீர் இரண்டு குச்சிகளைத் தொட்டால் நடுவில் கரண்ட் கடக்கும், டேங்க் நிறைந்தது என்று பெட்டி புரிந்துகொள்ளும். மலிவு, 1,500 ரூபாய்க்கே முழு செட் கிடைக்கிறது. நல்ல தண்ணியில் சில காலம் ஒழுங்காகவும் வேலை செய்யும். உப்புத் தண்ணியில் கதை வேறு. தண்ணீர் வழியாகக் கரண்ட் போவதால் குச்சி அரிக்கும், மேலே வெள்ளையாகச் சுண்ணாம்பு மாதிரிப் படியும், படிந்தால் தண்ணீர் தொட்டாலும் பெட்டிக்குத் தெரியாது. இரண்டு குச்சிக்கும் நடுவில் ஈரப் பாசி பாலம் போட்டுவிட்டால் தலைகீழ்ப் பிரச்சினை, காலி டேங்க்கைப் பார்த்து நிறைந்திருக்கிறது என்று சொல்லிவிட்டு மோட்டாரைப் போடவே போடாது. எங்கள் பக்கத்தில் போர் 800 அடி, 1,000 அடி என்று போகிறது, அங்கிருந்து வரும் தண்ணீர் கெட்டிலிலும் ஷவரிலும் என்ன செய்கிறது என்று பார்த்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

இன்னொரு கட்சி காந்த சென்சார். நான் வாங்கியது இது. பிளாஸ்டிக் குழாய்க்குள் கண்ணாடிக் குப்பி மாதிரி ரீட் ஸ்விட்ச் என்று ஒன்று மூடி வைத்திருக்கும், வெளியே வளையம் போல ஒரு மிதவை, அதற்குள் காந்தம். தண்ணீர் ஏறினால் மிதவை ஏறும், காந்தம் பக்கத்தில் வந்ததும் ஸ்விட்ச் சேரும். தண்ணீருக்கும் கரண்டுக்கும் சம்பந்தமே இல்லை, அதனால் அரிப்பும் இல்லை. இதிலும் உப்பு படியும்தான், மிதவை குழாயோடு ஒட்டிக்கொண்டு நகராமல் நிற்கலாம், ஆனால் டேங்க் கழுவும்போது துணியால் ஒரு துடை துடைத்தால் போய்விடுகிறது. செட் 2,800 ரூபாய், மேல் டேங்க்குக்கு இரண்டு மிதவை, சம்ப்புக்கு ஒன்று. ஒயரும் எலக்ட்ரீஷியன் கூலியும் தனி, மொத்தத்தில் 4,500 ரூபாயைத் தொட்டது. காந்திபுரம் பக்கத்துக் கடை ஒன்றில் வாங்கினேன். கடைக்காரர் முதலில் கம்பி சென்சாரைத்தான் எடுத்து வைத்தார், “இதே போதுங்கண்ணா, எல்லாரும் இதுதான் எடுக்கறாங்க” என்றார். போர் தண்ணிக்கும் இதேதானா என்று கேட்டதும் பேசாமல் உள்ளே போய் இதை எடுத்துவந்தார்.

பொருளைவிட மாட்டுகிற வேலையில்தான் கவனம் வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் புது கன்ட்ரோலர் போட்ட அன்றைக்கே டேங்க் வழிந்து சுவரெல்லாம் ஊறிவிட்டது. அவர்கள் கம்பெனியைத் திட்டினார்கள். மேலே ஏறிப் பார்த்தால் மேல் மிதவை ஓவர்ஃப்ளோ ஓட்டைக்கு மேலே கட்டியிருக்கிறது. தண்ணீர் மிதவையைத் தொடுவதற்கு முன்பே ஓட்டை வழியாக வெளியே போய்விடுகிறது, அப்புறம் எத்தனை மணி நேரம் ஓடினாலும் மிதவை எப்படி ஏறும்? ஓவர்ஃப்ளோ பைப்பின் அடிவிளிம்புக்கு ஒரு ஜாண் கீழே மேல் மிதவை இருக்க வேண்டும். தண்ணீர் விழுகிற இடத்துக்கு நேர்கீழே சென்சார் இருக்கவே கூடாது, அலையில் மிதவை குதிக்கும், கீழே ரிலே டக்டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், மோட்டார் போட்டு நிறுத்திப் போட்டு நிறுத்தித் திணறும். கீழ் மிதவையை டேங்க்கின் பாதிக்குக் கொஞ்சம் கீழே வைக்கச் சொன்னேன். 1,000 லிட்டர் டேங்க்கில் அரை டேங்க் இறங்கினால்தான் மோட்டார் ஓடும், எங்கள் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 40 லிட்டர் தள்ளுகிறது, கால் மணி நேரத்துக்குள் நிறைந்துவிடும். இரண்டு மிதவையையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் ஒரு வாளி எடுத்ததற்கெல்லாம் மோட்டார் ஓடும்.

ஒயரை மொட்டைமாடியிலிருந்து கீழே சும்மா தொங்கவிட எலக்ட்ரீஷியனுக்கு ரொம்ப ஆசை, அது அவருக்குச் சீக்கிரம் முடிகிற வேலை. விடாதீர்கள். கோயம்புத்தூர் வெயிலில் ஒயர் உறை நொறுங்கிவிடும், அது பிழைத்தால் அணில் கடிக்கும். பிவிசி பைப்புக்குள் விட்டு, நடுவில் ஒட்டே இல்லாமல் ஒரே ஒயராக இறக்கச் சொல்லுங்கள். ஒட்டு போட்டே ஆக வேண்டும் என்றால் அது டேங்க் மூடிக்கு வெளியே, தண்ணீர் புகாத சின்னப் பெட்டிக்குள் இருக்கட்டும்.

இன்னொரு விஷயம், கன்ட்ரோலர் வந்துவிட்டதே என்று ஓவர்ஃப்ளோ பைப்பை அடைக்கிறவர்கள் உண்டு. கொசு வருகிறது, பல்லி விழுகிறது என்று காரணம் சொல்வார்கள். கொசு கவலை நியாயம்தான், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு நம் டேங்க்கின் சுத்தமான தண்ணீர்தான் பிடிக்கும். அதற்குப் பைப் வாயில் வலை கட்டினால் போதும். மொத்தமாக அடைத்தால், ஒருநாள் சென்சார் ஏமாற்றும்போது தண்ணீர் மூடியைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடி முழுக்கப் பரவும், பக்கத்து வீட்டுச் சுவர் வரைக்கும் போகும், பிறகு பஞ்சாயத்து. ஓவர்ஃப்ளோ பைப் உள்ளே வரும் பைப்பைவிடப் பெரிதாகவும் இருக்க வேண்டும், அரை இஞ்ச் பைப்பை ஓவர்ஃப்ளோவுக்கு வைத்திருக்கும் டேங்க்கையெல்லாம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்த அம்சம் டேங்க் நிறைவதில் இல்லை, சம்ப் காலியாவதில் இருக்கிறது. சம்ப்பில் தண்ணீர் இல்லாமல் மோட்டார் ஓடினால் தேய்மானம் கொஞ்ச நஞ்சம் இல்லை, உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் சீலுக்குத் தண்ணீர்தான் குளிர்ச்சி, அது இல்லாவிட்டால் சீல் கருகும், அப்புறம் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுற்று (காயில்) போகும், ரீவைண்டிங்குக்கு ஆயிரங்களில் செலவு. சம்ப் மிதவை இறங்கியதும் என் கன்ட்ரோலர் மோட்டாரை நிறுத்தி ஒரு சிவப்பு விளக்கைப் போடுகிறது. நல்ல தண்ணி வராத வாரங்களில் இது ஒன்றே விலைக்கு ஈடு.

போர் மோட்டாருக்கு இதே பெட்டியை மாட்டலாமா என்றால், யோசித்து மாட்டுங்கள். போருக்குள் மிதவை விட முடியாது. அங்கே தண்ணீர் வற்றியதைக் கண்டுபிடிக்க மோட்டார் இழுக்கும் கரண்டை அளக்கிற வகைதான் சரி. தண்ணீர் இல்லாமல் சுற்றும்போது சுமை குறையும், கரண்டும் குறையும், அதைப் பார்த்து நிறுத்திவிட்டு, போரில் தண்ணீர் ஊறட்டும் என்று கொஞ்ச நேரம் காத்திருந்து மறுபடி போடும். நீர்மூழ்கி மோட்டார் சுற்றியிருக்கும் தண்ணீரில்தான் குளிர்கிறது, அது வற்றிய பிறகும் ஓடினால் 800 அடியிலிருந்து வெளியே தூக்கும் கூலியே கண்ணைக் கட்டும். மோட்டார் ஒன்றரை எச்பிக்கு மேல் என்றாலோ த்ரீ ஃபேஸ் என்றாலோ பெட்டியின் ரிலேவை நம்பாமல் ஸ்டார்ட்டர் வழியாக இணைக்கத் தெரிந்த ஆளைக் கூப்பிடுங்கள்.

காசு மிச்சமாகுமா என்று கேட்பார்கள். கரண்டில் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். 1 எச்பி என்பது 746 வாட், மோட்டாரின் இழப்பெல்லாம் சேர்த்தால் ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் கால் மணி நேரம் வீணாக ஓடினால் இரண்டு மாத பில்லில் 15 யூனிட். 500 யூனிட்டின் விளிம்பில் இருக்கும் வீட்டுக்கு மட்டும் அது வலிக்கும், ஏனென்றால் அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழே உள்ள யூனிட்டுகள் சிலவற்றின் விலையும் சேர்ந்து ஏறிவிடும். தண்ணீர்க் கணக்குதான் பெரிது. அதே கால் மணி நேரத்தில் எங்கள் மோட்டார் வழியவிடுவது 600 லிட்டர். நகரத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பதுதான் மத்திய அரசின் அளவுகோல், அப்படிப் பார்த்தால் நாலு பேர் குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு ஆகிற தண்ணீர் ஓவர்ஃப்ளோ பைப்பில் போய்விடுகிறது. 2019 ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் கொண்டுபோனார்கள், ஒரு வேகனில் 50,000 லிட்டர். தினமும் கால் மணி நேரம் வழியவிடுகிற ஒரே வீடு மூன்று மாதத்துக்குள் அந்த மாதிரி ஒரு வேகனைக் காலி செய்துவிடும்.

குறைகளும் சொல்ல வேண்டும். பெட்டியின் பஸ்ஸர் சத்தம் காதைக் கிழிக்கிறது, குறைக்க வழியே வைக்கவில்லை, நான் அதன் வாயில் டேப் ஒட்டி வைத்திருக்கிறேன். ராத்திரியில் ஹாலே நீலமாக எரிகிறது, அவ்வளவு பிரகாசமான விளக்கு எதற்கு என்று தெரியவில்லை. தயாரித்தது இங்கேதான், ஆனால் கூட வந்த காகிதத்தில் ஆங்கிலமும் இந்தியும் மட்டும், அம்மாவுக்கு எந்த விளக்கு எதற்கென்று நான் தமிழில் எழுதி ஒட்டினேன். கரண்ட் போய் வந்தால் இரண்டு நிமிடம் காத்திருந்துதான் மோட்டாரைப் போடுகிறது, இது குறையில்லை, வேண்டுமென்றே வைத்தது, வோல்டேஜ் நிலையாகட்டும் என்று. ஆனால் தெரியாதவர்கள் பெட்டி செத்துவிட்டது என்று நினைத்துத் தட்டுவார்கள். வாரண்டி பெட்டிக்கு மட்டும், சென்சாருக்கு இல்லை, இடி மின்னலில் போனாலும் இல்லை. இது எனக்குக் கடுப்பு, மொட்டைமாடியிலிருந்து நீளமாக ஒயர் இறங்கும் பொருளுக்கு மின்னல்தான் முதல் எதிரி, அதை விட்டுவிட்டு எதற்கு வாரண்டி? சந்தேகம் கேட்க வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு அழைத்தால், திரும்ப அழைக்கிறோம் என்று சொல்லி அழைக்கவேயில்லை, கடைசியில் எலக்ட்ரீஷியன் அண்ணன்தான் போனிலேயே சொல்லிக்கொடுத்தார்.

ஒயரே வேண்டாம் என்று வயர்லெஸ் மாடல்களும் இப்போது வருகின்றன, செல்போனில் டேங்க் அளவைக் காட்டுகிறவையும் உண்டு. விலை நான் கொடுத்ததைப்போல இரண்டு மடங்கு, மேலே டேங்க்கில் இருக்கும் பகுதிக்கு பேட்டரியோ சோலாரோ வேண்டும். மூன்று நாலு மாடி, ஒயர் இறக்க வழியே இல்லை என்றால் பாருங்கள். தனி வீட்டுக்கு அது தேவையில்லாத செலவு என்பது என் கட்சி. வாடகை வீட்டில் இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் பேசிவிட்டு மாட்டுங்கள், காலி செய்யும்போது பெட்டியைக் கழற்றலாம், சுவரில் இறங்கிய பைப்பை யார் கழற்றுவது?

வாங்கப் போகும்போது கேட்க வேண்டிய இரண்டு கேள்விகள். காந்த சென்சார்தானா, அதிகபட்ச ஓட்ட நேரம் வைக்க முடியுமா. இரண்டாவதை விடவே விடாதீர்கள்: டேங்க் நிறைய 25 நிமிடம் என்றால் 40 நிமிடத்தில் எது எப்படி இருந்தாலும் நிறுத்து என்று பெட்டியில் வைத்துவிடலாம். மிதவை ஒட்டிக்கொண்டாலும் ஒயர் அறுந்தாலும் அந்த நேரத்தோடு மோட்டார் நின்றுவிடும். என் பெட்டியில் அது இருக்கிறது, ஆனால் கடையிலிருந்து வரும்போது அணைத்து வைத்துத்தான் வருகிறது, மாட்டிய அன்றைக்கே போட்டுவிட வேண்டும். அப்படியே மேல் மிதவை ஒன்றை உதிரியாகச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், பிறகு தனியாகக் கேட்டால் முழு செட்டைத்தான் எடுத்து வைப்பார்கள்.